நிற்கத் தெரிந்த காருக்கு ஏன் இத்தனை ஏச்சு?

ஒரு காரைச் செய்த கம்பெனியே அதை இன்னும் நல்ல காராக மாற்றிக் கொடுத்தால் அந்தக் காரின் ரசிகர்கள் சந்தோஷப்பட வேண்டும். அதுதானே நியாயம்? சுபாரு பி.ஆர்.இசட். என்ற ஜப்பான் காருக்கு நடந்தது நேர்மாறு. கம்பெனி நல்ல பிரேக்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டுக் கொடுத்தது. ரசிகர்களில் பெரும்பகுதியினர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. குதிரை சக்தி கூடவில்லையே, இதற்குப் பெயர் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜா என்பதுதான் அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியே கோணல் என்பது என் கட்சி. பஸ் டிப்போவில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரேக்கோடு மாரடித்தவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கார் ஓட்டத் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சைக்கிளில் சரிவு இறங்கிய யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தான்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த கார் இது. ஒரே வண்டிதான், டொயோட்டா விற்றால் 86, சுபாரு விற்றால் பி.ஆர்.இசட். இரண்டு கதவு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, பின் சீட்டில் சின்னப் பிள்ளைகள் மட்டும் உட்காரலாம். இந்த மாதிரி உடம்புக்குக் கூபே என்று பெயர். 2011 டோக்கியோ கண்காட்சியில் காட்டினார்கள். 2012-ல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் கம்பெனி இதை விற்கவில்லை. அமெரிக்காவில் நல்ல பெயர் எடுத்தது.

டொயோட்டா பக்கத்தில் இதற்குத் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. அவர் வைத்துக்கொண்ட விரதம் மூன்று. டர்போ கிடையாது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கிடையாது. பசை மாதிரி ஒட்டும் விலையுயர்ந்த டயர் கிடையாது. பந்தயக் கார் ஓட்டுபவனுக்கு மட்டும் அல்லாமல், சாதாரணச் சம்பளக்காரன் சாதாரண வேகத்தில் வளைவில் திரும்பும்போதே ஓட்டுவதன் சுகம் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அதற்கு ஏற்ற மாதிரி 2 லிட்டர் பாக்ஸர் எஞ்சின். பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் இடமும் வலமுமாகப் படுத்துக்கொண்டு வேலை செய்யும். அதனால் எஞ்சின் உயரம் குறைவு. தரைக்குப் பக்கத்தில் பொருத்தலாம். காரின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 460 மில்லிமீட்டர் உயரத்தில்தான் என்று கம்பெனி சொன்னது. நம் முழங்கால் உயரம்! எடை 1,250 கிலோ சொச்சம். சக்தி 200 எச்.பி. போட்ட டயரோ பிரியஸ் என்ற குடும்பக் காருக்கும் போடும் வகை. டயர் வழுக்க ஆரம்பிப்பது மெதுவாக, முன்கூட்டியே தெரியும். ஓட்டுபவன் கற்றுக்கொள்ளலாம்.

கார் வந்த நாளிலிருந்தே ரசிகர்களின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். டர்போ போடு, எச்.பி.யைக் கூட்டு.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினுக்கு ஒரு குறை இருந்தது. 4,000 ஆர்.பி.எம். பக்கத்தில் இழுவை ஒரு தொய்வு தொய்ந்து அப்புறம்தான் எழும். ஊருக்குள் ஓட்டும்போது அடிக்கடி வரும் இடம் அது. “பிக்கப் இல்லை” என்று நம் ஊர் டிரைவர்கள் சொல்வார்களே, அதே குறை. அதைச் சரி செய் என்று கேட்டது நியாயம். ஆனால் குறையைச் சரி செய் என்பது வேறு, காரின் குணத்தையே மாற்று என்பது வேறு.

2017 மாடலில் சுபாரு என்ன செய்தது? கியர் போட்டு ஓட்டும் காருக்கு எஞ்சினில் சில மாற்றங்கள் செய்து 205 எச்.பி. ஆக்கியது. பின் ஆக்ஸிலின் பல் விகிதத்தை 4.1-லிருந்து 4.3 ஆக மாற்றியது. அதனால் பிக்கப் கொஞ்சம் கூடியது. அதோடு, விரும்புகிறவர்கள் 1,195 டாலர் கூடக் கொடுத்தால் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்று ஒன்று. அதில் பிரெம்போ கம்பெனியின் பிரேக்: முன்னால் நாலு பிஸ்டன் காலிப்பர், பின்னால் இரண்டு பிஸ்டன் காலிப்பர், அளவில் பெரிய டிஸ்க்குகள். சாக்ஸ் கம்பெனியின் ஷாக் அப்சார்பர். அரை இன்ச் அகலம் கூடிய சக்கரங்கள். அவ்வளவுதான். பேக்கேஜுக்காக எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

வந்தது பாருங்கள் கோபம். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் கார் பைத்தியம். அவன் போனில் கேட்டான்: “மாமா, ஆயிரத்து இருநூறு டாலர் கொடுத்து யாராவது பிரேக் வாங்குவாங்களா? பவர் ஏறலையே!” பத்துப் பன்னிரண்டு வருஷம் காரைப் பற்றியே படித்தவன் அவன். எந்தக் கார் எத்தனை செகண்டில் 60 மைலைத் தொடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த 60 மைலிலிருந்து நிற்க எத்தனை அடி வேண்டும் என்று நான் கேட்டேன். தெரியவில்லை. அவன் ஒருவன் மட்டும் அப்படி இல்லை. அந்தக் கூட்டமே அப்படித்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓட்டுபவரையும் சேர்த்து இந்தக் காரின் எடை 1,300 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 5 லட்சம் ஜூல். நிறுத்த வேண்டுமானால் இந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பிரேக் அதைச் சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டில் அடுப்பில் வைத்தால் ஆறேழு நிமிஷம் ஆகும் வேலையைப் பிரேக் மூன்று நாலு செகண்டில் செய்கிறது!

வேகத்தை 140 ஆக்குங்கள். வேகம் 40 சதவீதம்தான் கூடியது. ஆற்றலோ கிட்டத்தட்ட 10 லட்சம் ஜூல், அதாவது இரட்டிப்பு. வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். எச்.பி. கூடிய கார் அடுத்த வளைவுக்கு வந்து சேரும்போது கூடுதல் வேகத்தில் வரும். அந்தக் கூடுதலை விழுங்க வேண்டியது யார்? பழைய பிரேக்தான். முதல் வளைவில் விழுங்கிவிடும். இரண்டாவதில் முக்கும். ஐந்தாவது ஆறாவதில் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போவது போல இருக்கும்.

அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரகத்துக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அப்புறம் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர் என்று பழைய டிரைவர்கள் வைத்திருந்த சட்டம் இதற்காகத்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டி டிப்போவுக்கு வந்தால் கதவு திறக்கும் முன்பே லைனிங் கருகிய வாசனை வந்துவிடும். அந்த வாசனையை முகர்ந்தவன் யாரும் பிரேக்கைப் பார்த்து இது பெர்ஃபார்மன்ஸ் இல்லை என்று சொல்ல மாட்டான்.

பெரிய டிஸ்க் அதிகச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் ஆறும். நாலு பிஸ்டன் காலிப்பர் பேடை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தும். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை பிரேக் அடித்து நிறுத்துவதில் பெரிய பிரேக் பெரிய வித்தியாசம் காட்டாது. அங்கே முடிவு செய்வது டயரின் பிடிப்பு. பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நிற்க வேண்டும் என்பதுதான் பெரிய பிரேக்கின் வேலை. டிராக்கில் ஓட்டுகிறவனுக்கும் மலைப்பாதையில் இறங்குகிறவனுக்கும் அதுதானே தேவை?

ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அதை அடக்குவது ஷாக்கின் வேலை. அடக்காவிட்டால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளிய சக்கரம் திரும்பாது, இழுக்காது, நிற்காது. 300 எச்.பி. இருந்தாலும் அந்த நேரத்தில் அது காற்றில் சுற்றும் சக்கரம்தான்.

இரண்டாவது தடவை நடந்த கூத்தில் கம்பெனியின் மேலும் குற்றம் உண்டு. 2015 நியூயார்க் கண்காட்சியில் சுபாரு இந்தக் காரை எஸ்.டி.ஐ. என்ற தன் பந்தயப் பிரிவின் பெயரில், பந்தயக் காரின் டர்போ எஞ்சினோடு வெறும் காட்சிப்பொருளாக வைத்துக் காட்டியது. பார்த்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறாமல் இருக்குமா? 2017 ஜூனில் பின்பக்க இறக்கை ஒன்றின் படத்தை மட்டும் வெளியிட்டு ஏதோ வரப்போகிறது என்றது. இதோ டர்போ என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். வந்தது பி.ஆர்.இசட். டி.எஸ். அமெரிக்காவுக்கு 500 கார் மட்டும். கார்பன் ஃபைபர் இறக்கை, 18 இன்ச் சக்கரம், எஸ்.டி.ஐ. ஸ்பிரிங், சாக்ஸ் ஷாக், பிரெம்போ பிரேக். எஞ்சின் அதே 205 எச்.பி. விலை 33 ஆயிரம் டாலருக்கு மேல்.

ஏமாந்தோம் என்று ரசிகர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஆசை காட்டி இழுப்பது கம்பெனி செய்யும் வேலை இல்லை, சந்தையில் வித்தை காட்டுபவன் செய்யும் வேலை. விளம்பரத்தைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் காரைத் திட்டாதீர்கள்.

ரசிகர்களின் பலமான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதே சுபாரு, அதே 2 லிட்டர் பாக்ஸர் குடும்பத்து எஞ்சினில் டர்போ வைத்து 268 எச்.பி. எடுத்து டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்ற தன் இன்னொரு காரில் விற்றதே, அதைத் தூக்கி இதில் வைக்க என்ன கஷ்டம் என்றார்கள். கஷ்டம் இதுதான். அந்தக் கார் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது. எடை 1,450 கிலோவுக்கு மேல். பி.ஆர்.இசட்.டில் எஞ்சினைத் தாழ்த்தி, பின்னுக்குத் தள்ளி இடுக்கி வைத்திருக்கிறார்கள். டர்போவுக்கு இடம் வேண்டும். இன்டர்கூலருக்கு இடம் வேண்டும். குழாய்கள் வேண்டும். கூடிய இழுவையைத் தாங்கப் பலமான கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் வேண்டும். முன்பக்கம் எடை ஏறும், விலை ஏறும். கடைசியில் கையில் இருப்பது இன்னொரு கனமான, வேகமான, விலை கூடிய கார். அப்படிப்பட்ட கார் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எடை குறைந்த, பின் சக்கரம் இழுக்கும், கையில் கியர் போடும் கார்தான் அருகிக்கொண்டே வருகிறது.

வெளிக்கடையில் டர்போ வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் காசு, அவர்கள் கார். ஆனால் அந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒன்றானால் கம்பெனி வாரண்டி கை கொடுக்காது. கம்பெனியே மாட்டித் தரும் பிரேக்கும் ஷாக்கும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா, ஏ.பி.எஸ். சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தரப்படுவது. மெக்கானிக் வேலை தெரிந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

இது புதிய விவகாரமும் இல்லை. அமெரிக்காவில் செவ்ரோலே கமாரோ என்ற பெரிய கூபே. 1980-களில் கடையில் விற்கும் காரையே வைத்து மணிக்கணக்கில் நடக்கும் பந்தயங்களில் அது ஓடியது. எஞ்சினுக்குக் குறை இல்லை. பிரேக்தான் சூடேறித் தாங்கவில்லை. 1988-ல் கம்பெனி ஒன் எல்.இ. என்ற குறியீட்டில் ஒரு பேக்கேஜ் கொண்டுவந்தது. பெரிய முன் டிஸ்க், அலுமினியக் காலிப்பர், வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்கத் தடுப்பு வைத்த டேங்க், அலுமினிய புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதற்காக எச்.பி. கூட்டவில்லை. விளம்பரமும் செய்யவில்லை. விவரம் தெரிந்த பந்தயக்காரன் மட்டும் கேட்டு வாங்கினான். முதல் வருஷம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விற்றது. இன்று? 2013 மாடலில் அதே பெயரைத் தூசி தட்டி எடுத்துக் கமாரோவுக்கு வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் கார் ரசிகன் எழுந்து நிற்கிறான். பிரேக்கில் பிறந்த பெயர் அது என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

மூன்றாவது தடவைக்கு வருகிறேன். 2022 மாடலில் பி.ஆர்.இசட். புதிதாக வந்தது. எஞ்சின் 2.4 லிட்டர், 228 எச்.பி. 3,700 ஆர்.பி.எம்.மிலேயே முழு இழுவை கிடைக்கிறது. பழைய தொய்வு போயே போய்விட்டது. நியாயமான குறையைக் கம்பெனி தீர்த்துவிட்டது, அதுவும் டர்போ இல்லாமல். சரி, இனிமேல் வாயை மூடுவார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. 2024 மாடலில் மறுபடி ஒரு டி.எஸ். வந்தது. பிரெம்போ பிரேக், எஸ்.டி.ஐ. சரிபார்த்த ஹிட்டாச்சி ஷாக். டொயோட்டாவும் தன் ஜி.ஆர். 86-க்கு அதே வருஷம் பிரெம்போவும் சாக்ஸும் சேர்த்த பேக்கேஜ் கொடுத்தது. மறுபடி அதே பாட்டு: எச்.பி. எங்கே? குறை தீர்ந்த பிறகும் கோரிக்கை தீரவில்லை என்றால் கேட்டது குறைக்காக அல்ல என்றுதானே அர்த்தம்? 228-ஐ 300 ஆக்கினால் 350 கேட்பார்கள். எண்ணுக்கு முடிவு ஏது?

என் வயது நண்பர் ஒருவர் வேறு மாதிரி மடக்கினார். “பிரேக் அவ்வளவு முக்கியம் என்றால் அதற்கு ஏன் ஐயா தனிக் காசு? எல்லாக் காருக்கும் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?” நல்ல கேள்வி. ஆபீசுக்கும் கடைக்கும் போய் வருகிறவனுக்குக் காரோடு வரும் பிரேக் தாராளமாகப் போதும். அவன் தலையில் 1,195 டாலரைக் கட்டுவது நியாயம் இல்லை. வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவன், மலையில் விரட்டுகிறவன் கேட்டு வாங்கட்டும். வேடிக்கை என்னவென்றால், அப்படி விரட்ட ஆசைப்படுகிறவன்தான் இதை வேண்டாம் என்கிறான்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரனுக்குக் காது உண்டு. பிரேக்கும் ஷாக்கும் கொடுத்தால் ஏச்சு, எச்.பி. கொடுத்தால் கைதட்டல் என்று தெரிந்தால் அவன் எதைச் செய்வான்? செலவு குறைவான வழியில் எண்ணை ஏற்றிவிட்டு மற்றதைக் கைவிடுவான். அந்தக் காரை ஓட்டப் போவது இருபத்தைந்து வயதுப் பையன். ரோட்டில் அவனுக்கு எதிரே வருவது அவனைக் கேள்வி கேட்காத யாரோ ஒருவர், அவர் குடும்பத்தோடு.

நமக்கும் வெளிநாட்டில் பிள்ளைகள், பேரன்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரிக் கார் வாங்கப் போகிறேன் என்று போட்டோ அனுப்புவார்கள். எத்தனை எச்.பி. என்று கேட்டு அவர்களை ஏற்றிவிடாதீர்கள். டயர் என்ன, பிரேக் என்ன, பிரேக் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். பேக்கேஜுக்குக் காசு போதவில்லை என்றால், முடிந்தவர்கள் அந்தப் பணத்தை நீங்களே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் எச்.பி. கணக்கோடு வருகிறவர்கள் நிற்கும் தூரத்தின் கணக்கையும் சேர்த்துக் கொண்டுவரவும்.